நாகப்பட்டினத்து வியாபாரி

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில், துறைமுகத்தில் வேலை செய்த அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. தன் தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று அவர் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஜாவுரிமையும் இல்லை, வேலையும் இல்லை. அந்தத் தகப்பன், என் அப்பப்பா, எப்போதோ செத்துப்போனார். அவர் பிறந்ததற்கு ஒரு பதிவும் இல்லை. நானும் அப்பாவும் பதிவுகள் இருக்கும் அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் அகப்பட்டது அப்பாவின் பிறப்புப் பதிவுதான். அதில் தகப்பனைப் பற்றிய இடத்தில் அப்பப்பாவே சொல்லி எழுதுவித்திருந்தார்: 'வியாபாரி, நாகப்பட்டினம்.'

"பாத்தியே பிள்ளை, எங்கட பரம்பரைக் கதை சும்மா இல்லை!" என்றார் அப்பா. முகமெல்லாம் பூரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தியாக்காரன் என்று வேலை போகப்போகிறது, இந்த மனிதருக்குப் பரம்பரை கேட்கிறது!

அவரை இழுத்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன். அங்கே அப்பாவின் அக்கா, என் மாமி, இருந்தா. பதிவை வாசித்துக் காட்டினேன். மாமி தலையில் கைவைத்தா.

"ஐயோ, அந்தப் பொய்யைக் கச்சேரியிலயும் எழுதிவைச்சிட்டாரோ எங்கட அப்பு? அவர் இந்தக் கரையில பிறந்து, இந்தக் கரையில வலை இழுத்த மனிசன். வலைகாரனுக்குப் பொம்பிளை தரமாட்டினம் எண்டு டவுணில போய் அளந்த கதையடா அது. தோணி ஏறவே பயந்தவர், நாகப்பட்டினத்தை எங்க கண்டார்?"

அந்தக் கதையைச் சொல்லித்தான் அப்பாவும் அம்மாவைக் கட்டியிருந்தார். மாமியைக் கட்டிக்கொடுத்ததும் அதைச் சொல்லித்தான்.

"கச்சேரியில விசாரணைக்கு வந்து இதைச் சொல்லுங்கோ மாமி," என்றேன்.

"ஏலாது பிள்ளை. டவுணில இருக்கிற என்ர மனிசன்ர ஆக்கள் என்னைக் காறித் துப்புவினம்."

ஆனாலும் வந்தா. அதிகாரிக்கு முன்னால் நின்று, வலைகாரன்ர மகள் நான் என்று சத்தியம் பண்ணினா. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்புறன் அம்மா. ஆனா உங்கட தகப்பனே வேற மாதிரி எழுதிக் குடுத்திருக்கிறார். அதுக்கு மாறா ஒரு கடுதாசி கொண்டாங்கோ."

எங்களிடம் மாமிதான் இருந்தா, கடுதாசி இருக்கவில்லை. அடுத்த மாதத்தோடு அப்பாவின் வேலை போயிற்று. அப்பப்பாவில் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஆறவில்லை.

விசாரணை முடிந்த அன்று மாமியை பஸ் ஏற்றிவிடப் போனோம். மாமி யன்னலால் எட்டிப் பார்த்தா.

"தம்பி, இனி ஆரும் கேட்டா எங்களை எந்த ஊர் எண்டு சொல்லுறது?"

"நிலாவெளி எண்டே சொல்லுங்கோ அக்கா," என்றார் அப்பா. அவர் வாயால் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆர் நம்புவினம்?" என்று மாமி அழத் தொடங்கினா.