நைனா மறுபடி பாடிய மாலை

கேமராவோடு ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடையாற்றங்கரையில் நாங்கள் குடியிருந்த காலத்துப் படம் ஒன்று அவளுக்கு யாரிடமோ கிடைத்திருக்கிறது. சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து, காதில் கை வைத்து என் நைனா கானா பாடுகிறார். அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்து, ஆற்றங்கரையைக் காலி செய்து எங்களைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும் பெரும்பாக்கம் வரைக்கும் வந்துவிட்டாள். காணாமல்போன பாடகரைக் கண்டுபிடித்துவிட்டாளாம், மறுபடி மேடையேற்றிப் பாட வைக்கப் போகிறாளாம். என் அப்பா எங்கேயும் காணாமல்போகவில்லை. தினமும் ரேஷன் கடைப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நைனா பாட்டை விட்டதே குடியை விடுவதற்காகத்தான். சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவருக்குத் தொண்டை காயாமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதுதான் அங்கே மரியாதை. ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இரண்டையும் சேர்த்தே விட்டார். இன்னொரு தடவை குடித்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பயம் என் கூடவே குடியிருக்கிறது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் கொட்டினேன். நல்ல பெண்தான். மேடைக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் வராது என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். மயிலாப்பூரில் ஒரு ஹாலில் அவள் எடுத்த படங்களின் கண்காட்சி, அதே மாலை நைனாவின் பாட்டு. நைனாவோ அதற்குள் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு இரண்டு வரி பாடியதுமே குரல் கட்டிக்கொண்டது. இருமினார். பக்கத்தில் டோலக் வாசித்த பழைய கூட்டாளி ஒரு எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். உள்ளே என்ன என்று நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. நைனா ஒரே மூச்சில் குடித்தார். அதற்குப் பிறகு அப்படிப் பாடினாராம், கூட்டம் சொக்கிப்போய்விட்டதாம். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. கண் சிவக்கிறதா, வாய் குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் மேடையேறி, அவர் முகத்தோடு முகம் வைத்து வாயை மோந்து பார்த்தேன். சுக்குக் காப்பி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கேமரா மின்னியது.

நைனாவுக்குப் புரிந்துவிட்டது. என் காதோரம் மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கு இல்லம்மா. ஆனா பாடும்போதெல்லாம் நாக்கு அதத்தான் கேட்டுக்கினு கீது. நாளிக்கு இன்னா ஆவும்னு எனக்கே தெரில."

தகப்பனை முத்தமிடும் மகள் என்று அந்தப் படத்தை இப்போது ஊரே பகிர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் திருவான்மியூரிலிருந்து நைனாவைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை. நைனா சரி என்று சொல்லிவிட்டார். அன்று முகூர்த்த நாள். தி.நகரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் யாருக்கும் லீவு கிடையாது.