மருந்து அடிக்காத மூன்று பாத்தி

மலையில், இத்தலார் ஊருக்குப் போகும் சாலையோரத்தில் என் மகன் வைத்திருக்கும் காய்கறிக் கடைக்குப் பலகை எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஓர் ஆலையின் ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதிய கை. 'மருந்து அடிக்காத மலைக் காய்கறி' என்று எழுதச் சொன்னான். எழுதினேன்.

எங்கள் கேரட்டுக்கு மருந்து அடிக்கிறோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. வீட்டை ஒட்டி மூன்று பாத்திகளுக்கு மட்டும் அடிப்பதில்லை. அவை எங்கள் சாப்பாட்டுக்கு. இங்கே பல வீடுகளில் அப்படித்தான், யாரும் அதைப் பேசுவதில்லை. பேத்திக்குச் சூப் வைக்கக் கடைக் கேரட்டை எடுக்க விடாதவனும் நான்தான்.

போன சீசனில் ஒரு மதியம், மகன் சாப்பிடப் போயிருந்தபோது நான் கடையில் இருந்தேன். கோயமுத்தூர் கார் ஒன்று நின்றது. ஒரு பெண்ணும் ஐந்து வயதுக் குழந்தையும் இறங்கினார்கள்.

"பிஸ்கட் பாக்கெட்டுப் பின்னால இருக்கறதப் படிச்சாலே பயமா இருக்குதுங்க ஐயா. இங்க வந்தாத்தான் நம்பி வாங்க முடியுது" என்றபடி அவள் நான்கு கட்டு எடுத்து வைத்தாள். கட்டுக்கு எட்டு கேரட். ஒன்றில் ஏழுதான் இருந்தது. நான் இன்னொன்றைச் செருகிக்கொண்டிருந்தேன். அதற்குள் குழந்தை ஒரு கேரட்டை உருவி வாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

"பாப்பா, கடிக்காத! கடிக்காத!" என்று கத்திவிட்டேன். போன வாரம் மருந்து அடித்த தோட்டத்துக் கேரட் அது.

குழந்தை அதைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"மண்ணுங்க, அதான்…" என்று இழுத்தேன்.

"கழுவிப் பளபளன்னுதானுங்க இருக்குது?"

வீட்டுப் பாத்திக்கு ஓடி நான்கு கேரட் பிடுங்கி வந்து நீட்டினேன். "இதக் குடுங்கம்மா. இது எங்க ஊட்டுக்கு வெச்சது." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"ஓ, ஊட்டுக்கு வேற, ரோட்டுக்கு வேறங்களா?"

கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். கத்தியதற்கு நன்றி வேறு சொன்னாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மகனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா இருக்க மாட்டீங்களாப்பா? நாலு கட்டு போச்சு."

"உன்ற புள்ள கையில இருந்தா நீ சும்மா இருப்பியாடா?"

"அப்புறம் எதுக்குப் பலகை எழுதிக் குடுத்தீங்க?"

மறுநாள் பலகையை இறக்கி வெள்ளையடித்து, 'மருந்து அடித்த கேரட்' என்று எழுதினேன். கீழே அடித்த தேதிக்கு இடம் விட்டேன்.

"இதப் படிச்சுட்டு எவன் வாங்குவான்?" என்றான் மகன். ஆனாலும் கழற்றவில்லை. என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

பாதிப் பேர் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்றவர்கள், "அடிச்சு எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்கிறார்கள். எண்ணிச் சொல்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் இன்னும் வரவில்லை.