"மொழங்கால எடுங்க!"

இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கு வாசனைக்கு நடுவே திடீரென்று ஒரு பவுடர் வாசனை...
அப்படித்தான் அந்த இங்கிலீஷ் நடிகை எங்கள் மலைக்கு ஏறி வந்தார்.

அறுபதுகளின் தொடக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்கள். கதாநாயகியும் அவர்தான், கதை வசனம் எழுதியதும் அவர்தான். நான் அப்போதுதான் பேர் பதிந்த கொழுந்துக்காரி. கூட்டத்தில் நடிக்க என்னையும் பொறுக்கி எடுத்தார்கள். பெருமை தாங்கவில்லை!

கேமரா ஓடியது, கொழுந்து எடுத்தோம். டைரக்டர் இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். பார்த்தால் செடியில் கொழுந்தே இல்லை... மலை மொட்டையாக நின்றது.

"நடிக்கத்தானே சொன்னாங்க, யாரு முழுசா எடுக்கச் சொன்னா?" என்று கத்தினார் கணக்குப்பிள்ளை.

"கொழுந்தக் கண்டா கை சும்மா இருக்குமாங்க?" என்றார் அம்மா.

டைரக்டர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். எங்களை அனுப்பிவிடப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டியது... அவ்வளவுதானா நம்ம சினிமா?

நடிகை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். நிறைந்திருந்த கூடைகளைப் பார்த்தார். கல்லில் உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினார். இனி கொழுந்து நிறுக்கும் காட்சி! என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார்:

"இந்தம்மா மொதப் படத்துல தேத்தண்ணித் தட்டு தூக்கிட்டு வந்தாங்களாம். ஒரு வார்த்த பேச விடலையாம். அந்தக் கோவத்துலதான் எழுதவே ஆரம்பிச்சாங்களாம். நிறுக்கிற எடத்துல நீ என்ன பேசுவன்னு கேக்குறாங்க."

தினமும் வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிய பேச்சு ஒன்று இருந்தது. நிறுக்கும்போது கணக்குப்பிள்ளை கொழுந்துச் சாக்குக்கு அடியில் முழங்காலை முட்டுக் கொடுப்பார். தராசு முள் ஏறாது, எங்கள் கூலிதான் குறையும். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை. படத்திலும் அவரேதான் கணக்குப்பிள்ளை! படக்காரர்கள் போய்விடுவார்கள்... காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நான் அவர் முன்னால்தானே நிற்க வேண்டும்?

"வேணாம்டி, கொழுந்து எடுக்க விடாம புல்லு வெட்ட அனுப்பிருவாரு" என்று அம்மா கையைக் கிள்ளினார்.

கேமரா ஓடியது. பழக்க தோஷம்... முழங்கால் உள்ளே போனது.

"ஐயா! மொழங்கால எடுங்க, அப்பறம் நிறுங்க!"

அவர் முகம் செத்துப்போனது. முழங்கால் மெல்ல வெளியே வந்தது... முள் விறுவிறுவென்று ஏறியது! நடிப்பென்று நினைத்த டைரக்டர் கைதட்டினார். கிளாக்கர் ஐயா விஷயத்தைச் சொன்னதும் நடிகை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் கணக்குப்பிள்ளை என்னைப் புல்லு வெட்டத்தான் அனுப்பினார். சிரித்துக்கொண்டே போனேன்.

படம் அட்டன் தியேட்டருக்கு வந்தபோது தோட்டமே லொறி ஏறியது. திரையில் என் முகம் பெரிதாக வந்து அந்த வசனம் பேசியதும் விசில், கும்மாளம்... ஐயோ, அந்தச் சத்தம்! கணக்குப்பிள்ளை தலை நிமிரவில்லை. அதற்குப் பிறகு எந்த நிறுவையிலும் அந்த முழங்கால் கிட்டே வரவில்லை. வந்தால் அத்தனை பேரும் கத்துவோமே!

அந்த நடிகை பிறகு எத்தனையோ படங்களில் நடித்தார், எழுதினார், பெரிய பேர் வாங்கினார். அவரைப் பற்றி எழுதியிருப்பதைப் பேத்தி போனில் காட்டினாள். எங்கள் படத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான். போகட்டும்.

இப்போது தோட்டத்தில் டிஜிட்டல் தராசு. கொழுந்து எடுக்கும் கைகள்தான் குறைந்துவிட்டன...

போன வாரம் அட்டன் மார்க்கெட்டில் ஒரு சின்னப் பெண் மரக்கறிக் கடைக்காரரிடம், "அண்ணே, மொழங்கால எடுங்க!" என்றாள். தராசு மேசைமேல் இருந்தது, முழங்காலுக்கு அங்கே வேலையே இல்லை. கடைக்காரர் சிரித்தபடி இன்னும் ரெண்டு கேரட் போட்டார்.

அது எந்தப் படத்து வசனம், யார் பேசியது என்று அவளுக்குத் தெரியாது.

பக்கத்தில்தான் நின்றேன், பையைப் பிடித்துக்கொண்டு!