மூன்றாவது தேநீர்

காரின் கதவுக்குக் கீழே ஓடும் இரும்பு விளிம்பில் காதை ஒட்டி, ஷஹாத்தா விரல் முட்டியால் மூன்று முறை தட்டுகிறார். "யாரு உள்ள?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். சிரித்து முடியும் வரை அவரும் அப்படியே கிடப்பார்.

அலெக்ஸாந்திரியாவில், மெக்ஸ் கடற்கரையை ஒட்டிய பட்டறைச் சந்தில் அவருடைய வேலை இது ஒன்றுதான். பழைய கார்களுக்கு எந்த இடத்தில் ஜாக்கி வைத்தால் தாங்கும் என்று சொல்ல வேண்டும். கழற்றுவதும் பூட்டுவதும் மற்றவர்கள் பாடு. உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்து தின்னும்; வெளியே சாயம் மினுக்கிக்கொண்டு நிற்கும். "மூஞ்சியில மாப்பிள்ளை, அடியில மய்யித்து" என்பார்; பிணம் என்று அர்த்தம். சாயத்துக்கு அடியில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க, சட்டைப்பையில் துணி சுற்றிய காந்தத் துண்டு; ஜாக்கியின் தலையில் வைக்க, கக்கத்தில் தேய்ந்துபோன மரக்கட்டை. அறுபத்தொரு வயதில் இன்றுவரை சொந்தமாக ஒரு வண்டி கிடையாது. ட்ராமில்தான் வருவார். அதிலும் ஏறுவதற்கு முன் குனிந்து சக்கரத்தைப் பார்க்காவிட்டால் மனுஷனுக்கு ஆகாது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கை தள்ளி, தகடு இரண்டாக மடிகிற இடத்தைத்தான் முதலில் பார்ப்பார். அது சரியில்லையென்றால் அச்சுத்தண்டு. எண்ணெய்த் தொட்டிப் பக்கம் ஜாக்கியைக் கொண்டுபோகிறவனைத் தகப்பன் பெயர் சொல்லித் திட்டுவார். எல்லாம் பார்த்து முடித்தபின் கடைசியாக ஒன்று செய்வார். தரையில் கன்னத்தை வைத்து, வண்டிக்கு அடியில் இருக்கும் இருட்டைப் பார்த்து, "ஹில்மி, போகலாமா?" என்பார். ஏதோ கேட்டதுபோலத் தலையாட்டிய பிறகுதான் ஜாக்கி ஏறும்.

ஹில்மி அவருடைய கூட்டாளி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஷஹாத்தா தட்டிப் பார்த்து "சரி" என்று சொன்ன ஒரு வெள்ளை வண்டிக்கு அடியில் போனவர், எழுந்து வரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேர் இருந்தாலும் மூன்று தேநீர் வரும். மூன்றாவது, சக்கரத்தின் ஓரம். ஹில்மியின் மகன் ஸக்கிதான் இப்போது அடியில் படுக்கிற மெக்கானிக். முப்பது வயது, வாய் நீளம். அந்தக் கிளாஸைத் தினமும் எடுத்துக் குடித்துவிட்டு, "அப்பன் பங்கு புள்ளைக்குத்தானே சித்தப்பா" என்பான். ஷஹாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் ஒரு டாக்ஸி வந்தது. கமீஸ் என்ற டிரைவர் அண்மையில் வாங்கிய பழைய வண்டி. சாயம் இன்னும் மணத்தது. கியர் பெட்டியை இறக்க வேண்டும். அதன் முறை வந்தபோது மதியத் தொழுகை நேரம். சந்தில் வேறு ஆளில்லை, கடல் இரைச்சல் மட்டும். ஷஹாத்தா தட்டினார். கெட்டியான சத்தம். காந்தமும் ஒட்டியது. குறை சொல்ல ஓரிடம் இல்லை. தரையில் கன்னம் வைத்து ஹில்மியைக் கூப்பிட்டார். தலை அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். தேநீர் ஆறிப்போனது.

"என்ன உஸ்தா, வண்டியப் பாக்குறீங்களா, பேய் ஓட்டுறீங்களா?" என்றான் கமீஸ்.

"சத்தம் சரியா இருக்குப்பா. ரொம்ப சரியா இருக்கு. இரும்புன்னா கொஞ்சம் முனகணும். இது கப்ருக் குழி மாதிரி வாய மூடிட்டுக் கெடக்கு."

"செத்தவரு கையெழுத்துப் போட்டாத்தான் நான் வேலை செய்யணுமா?" ஸக்கிக்குக் கோபம் வந்துவிட்டது. அவனே மரக்கட்டையை வைத்து ஜாக்கியை ஏற்றினான். பக்கத்தில், அதே விளிம்புக்குக் கீழே, வண்டியைத் தாங்கும் இரும்பு முக்காலியையும் நிறுத்தினான். வண்டி அசையாமல் நின்றது. "பாத்தீங்களா?" அட்டையை விரித்து மல்லாந்து, இடுப்புவரை உள்ளே போனான்.

ஷஹாத்தா சட்டென்று அவன் காலருகே போனார். காரணம் சொல்லத் தெரியவில்லை. அவன் கணுக்கால் இரண்டையும் பிடித்து, அறுபத்தொரு வயசுக்கு ஆகாத பலத்தோடு வெளியே இழுத்துவிட்டார். முதுகு சிராய்த்த ஸக்கி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். திட்டு முடிவதற்குள் 'களுக்' என்று ஒரு சத்தம். ஜாக்கியும் முக்காலியும் விளிம்பைக் குத்திக்கொண்டு உள்ளே போயின. வண்டி தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பிளந்த விளிம்பிலிருந்து சிமெண்ட் கொட்டியது. வண்டித் தகுதிச் சோதனையில் தேற்றிவிட யாரோ ஓட்டைக்குள் சிமெண்டை அடைத்து, மேலே தகரம் போர்த்திச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

கமீஸ், "நான் வாங்கி மூணு வாரந்தான் உஸ்தா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். ஸக்கி வண்டியின் அடியில் கையை விரித்து அளந்தான். தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அப்போது வண்டிக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. மூன்று முறை. சூடான இரும்பு ஆறும்போது அப்படிச் சத்தம் வரும் என்று ஷஹாத்தாவுக்கும் ஸக்கிக்கும் தெரியும். ஆனால் அந்த வண்டி காலையில் வந்து நின்றதிலிருந்து ஓடவில்லை.

"நீங்க தட்டினீங்களா?" என்றான் ஸக்கி. ஷஹாத்தா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். 

ஸக்கி ஆறிப்போன மூன்றாவது கிளாஸை எடுத்தான். பழக்கத்தில் உதடுவரை கொண்டுபோனான். பிறகு முழங்காலிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், அதை வண்டிக்கு அடியில், கை எட்டும் தூரம்வரை தள்ளிவைத்தான்.