சிங்ககட் கோட்டையில் என் மகளின் பெயர்

மராத்திச் சீமையில் இருக்கும் சிங்ககட் மலைக்கோட்டைக்குப் போகிறவர்களுக்கு மலையேற்றம், மழை, மண்சட்டித் தயிர் என்று ஆயிரம் காரணம் இருக்கும். எங்களுக்கு இருந்தது ஒரு வெற்று விடைத்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஜைனப், வரலாற்றுத் தேர்வில் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பத்தாவது வரை வரலாறு கட்டாயம், விடவே முடியாது என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். கோட்டை ஒன்றைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதி, பெற்றோர் கையெழுத்துடன் திங்கட்கிழமை கொடுத்தால் தேற்றிவிடலாம். இல்லையென்றால் மறுபடியும் ஒன்பதாவதுதான்.

கேம்ப் கடைத்தெருவில் இருக்கும் என் பிளாஸ்டிக் சாமான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை 6.20க்கு கோர்படிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினோம். ஸ்வார்கேட் பேருந்து நிலையம் வரை ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், 140 ரூபாய். அங்கிருந்து அடிவாரத்துக்கு நகரப் பேருந்தில் ஆளுக்கு 40 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், கடக்வாஸ்லா அணை தெரியும்.

அணையைத் தாண்டும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"வாப்பா, பாடத்துல கான், பாதுஷா யாராச்சும் சண்டைக்கு வந்தா எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாக்கறாங்க. 'உன் மாமா வந்தாச்சு'ன்னு பின்னாடி சிரிக்கறாங்க. டீச்சர் போர்டு பக்கம் திரும்பிக்கிறாங்க."

பேச்சில் நான் சூரன். "நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் திருநவேலி. அந்தச் சண்டைக்கும் நமக்கும் என்ன இருக்கு? நீ ஏன் பயப்படுத? யாரு கேட்டாலும் நிமிர்ந்து நின்னு பேரைச் சொல்லு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

நடந்து ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். என் முழங்கால் சம்மதிக்காததால் ஷேர் ஜீப்பில் போனோம், ஆளுக்கு 100 ரூபாய். மேலே போனதும் ஜைனப் வேறு பிள்ளையாகிவிட்டாள். வாசல் வாசலாக நின்று குறிப்பெடுத்தாள். பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டியின் நீளத்தைக் காலடியால் அளந்தாள். இவளா வெற்றுத்தாள் கொடுத்தாள் என்று இருந்தது.

பதினொன்றரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். பித்லா, அதாவது கடலைமாவுக் குழம்பு. கூட பாக்ரி என்னும் சோள ரொட்டி. இருவருக்கும் சேர்த்து 240 ரூபாய். பக்கத்துப் பாயில் பைக்கில் காவிக்கொடி கட்டி வந்த பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் உரக்கக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே ஜைனப்பைப் பார்த்து, "துஜ நாவ் காய்?" என்று மராத்தியில் பெயர் கேட்டார்.

ஜைனப் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"பிரியா."

அந்த இளைஞர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கும் அது சும்மா கேட்ட கேள்விதான். "பிரியா, அஜூன் ஏக்?" என்று இன்னொரு ரொட்டியை நீட்டினார். "நகோ" என்று வேண்டாமெனச் சொல்லிவிட்டு ஜைனப் தட்டை நகர்த்தி வைத்தாள். ஊருக்கு உபதேசம் என்பார்கள். நான் பெற்ற பிள்ளைக்கே அதைச் செய்திருக்கிறேன்.

இறங்கும் ஜீப்பில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நீங்களும் பயந்துட்டீங்க, வாப்பா."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்தையும் கையெழுத்துக்கு நீட்டினாள். வாசல், தொட்டி, காலடிக் கணக்கு எல்லாம் அச்சுப்போல எழுதியிருந்தாள். கடைசி வரி: "என் பெயர் ஜைனப். கோட்டையில் ஒருவர் கேட்டார். என் அப்பா வேறு பெயர் சொன்னார்." அதை அடித்துவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

இருபதுக்குப் பதினேழு வந்தது. அவள் தேறிவிட்டாள். கடைசி வரியை மட்டும் டீச்சர் சிவப்பு மையால் சுழித்து, "பாடத்துக்குத் தொடர்பில்லாதது" என்று எழுதியிருந்தார்.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள், சனி ஞாயிறு ஜீப்புக்கே அரை மணி நேரம் நிற்க வேண்டும். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். பிள்ளையோடு போனால், யாராவது அதன் பெயரைக் கேட்கும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள்.