தேசிங்கின் வலது கால்

தறிக்குழியில் தேசிங்கு முதலில் இடது காலை இறக்குவார். பிறகு வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். "வாங்க மாப்ளே, ஒக்காருங்க." மாப்பிள்ளைதான். வேலை செய்யாது, மரியாதை மட்டும் வேண்டும். இரண்டு மிதியையும் இடது காலே மிதித்துக்கொண்டிருந்தது.

வேலூர் நரம்பு டாக்டர், கால் மரத்துப்போவது எப்பப்ப வந்தது, எப்பப்ப போனது என்று தேதி கேட்டார். தேசிங்குக்குத் தேதி ஏது? தறியில் ஏற்றிய பாவு நூலின் நிறம்தான் கணக்கு. "மயில்கழுத்துப் பாவு ஓடிக்கினு இருக்கசொல்ல கால் மரத்துச்சு சார். நெஞ்சி முடிச்சு சேலைய அறுக்கறதுக்குள்ள சரியாப்பூட்ச்சு. மாம்பழக் கலர்ல மறுபடியும்." கால் சரியான ஒவ்வொரு முறையும் கடைசியாகத் தின்ற லேகியத்துக்கே நல்ல பேர் கிடைத்தது. எந்தப் பாவு எந்த ஆடியில் என்று மனைவி பூங்காவனம்தான் விரல் விட்டுச் சொன்னாள்.

டாக்டர் ஒரு சிவப்பு மூடியைக் காட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணுக்கு அது வெளுத்த செங்கல் போலத் தெரிந்தது. தேசிங்கு மறுபடியும் வலது கண்ணால் பார்த்தார்; நல்ல சிவப்பு. தொண்ணூற்றாறில், பட்டு நூலை வெயிலில் பிடித்து வழக்கம்போல இடது கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, அரக்குச் சிவப்பு வெளுத்திருக்கிறது என்று சாயக்காரர் துளசிங்கத்தைத் தெருவில் வைத்து ஏசியவர். அதிலிருந்து ஏழு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

"நோய் அப்பவே ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியதும் தேசிங்கு நேரே சாயப்பட்டறைக்குப் போய்க் கண் கோளாறைச் சொன்னார். துளசிங்கம் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னா நைனா, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிதா?" பிறகு பட்டறைப் பையனிடம் இரண்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

மூளை ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பின் மேலுறை அரித்துப்போகிற நோய். பலருக்கு வந்து வந்து போகும். சில வருஷம் கழித்து, போகாமல் மெல்ல ஏறுகிற வகையாக மாறவும் மாறும். "நீங்க இப்ப எதுல இருக்கீங்கன்னு ஒரு வருஷம் பாத்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

"இந்தப் பாவுக்குள்ள பூடும்" என்று ஒவ்வொரு பாவுக்கும் சொல்லிக்கொண்டே தேசிங்கு அந்த வருஷத்தை ஓட்டினார். கால் இன்னும் கனத்தது. போன வாரம் டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். "ஏறுற வகைக்கு மாறிடுச்சுங்க. இனிமே பழையபடி திரும்பாது."

வீட்டுக்கு வந்ததும் பூங்காவனம், "புதுப் பாவு பிணைக்கச் சொல்லட்டா, வேணாமா?" என்றாள்.

"சொல்லு. மொதல்ல நீ தறிப் பலகைல ஒக்காரு."

உட்கார்ந்தாள். அவள் கால் மிதிக்கு எட்டவில்லை. தேசிங்கு தரையில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை விட்டு, மிதிக்கயிற்றை அவிழ்த்து நாலு விரற்கடை ஏற்றிக் கட்டினார்.