கூரை: தகரம்

போன கிழமை ஒரு வேலையாகக் கண்டி டவுனுக்குப் போயிருந்தேன். குண்டசாலையில் பஸ் ஏறும்போது வெயில், இறங்கும்போது மழை. குடை வீட்டில் பத்திரமாக இருந்தது. பழைய தெரு ஒன்றில் புதிதாக எழும்பியிருக்கும் கடைக்கு முன்னால் ஒதுங்கினேன். சட்டப்படி மூன்று மாடி, கண்ணுக்கு நாலு. நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிச் சுவரின் நெற்றியில் மூன்றே மூன்று வரிசை நாட்டு ஓடு ஒட்டியிருக்கிறது. பின்னால் கூரை என்று ஒன்றும் இல்லை. இந்தப் பகுதி பாரம்பரிய வலயம், தெருவைப் பார்த்த பக்கம் ஓட்டுச் சரிவு இருந்தாக வேண்டும் என்று விதி. அதனால் வைத்திருக்கிறார்கள். மழைக்காக வைத்த ஓடு இல்லை என்பதால் தண்ணீர் நேரே என் கழுத்தில் இறங்கியது. காவலாளி வந்து, உள்ளே போவதென்றால் போங்கள், வாசலை மறைக்காதீர்கள் என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் என்ன செய்வார்? இதே இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் தட்டெழுத்துப் படிக்கப் போயிருக்கிறேன்.

அப்போது அது ஸ்டெல்லா டீச்சரின் வீடு. அவருக்குச் சொந்தமில்லை. அவருடைய அப்பா காலத்திலிருந்து வாடகை, சொந்தக்காரர் கொழும்பில். முன்னறையில் ஆறு தட்டெழுத்து மெஷின், ஒரு கால் குட்டையான அலுமாரி, மாதா படம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து, சித்தி வீட்டில் தங்கி, நான் அங்கே படித்தேன். எழுத்துகளைப் பார்த்து அடித்தால் டீச்சர் விரல்கள் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடிவிடுவார். "பார்த்து அடிக்கிறது டைப்பிங் இல்லம்மா, கோழி கொத்துறது" என்பார். மழை நாளில் நாடாவின் மை வாசனையும் சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் எங்காவது பழைய சுவர் நனைந்தால் என் விரல்கள் சும்மா இருப்பதில்லை. வயது அறுபதை நெருங்குகிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

டீச்சர் தந்த சான்றிதழால்தான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அரசாங்கக் கந்தோரில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. டவுனில் உள்ள பழைய கட்டடங்களைத் தெருத் தெருவாகப் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்பும் வேலை. எத்தனை மாடி, சுவர் என்ன, கூரை என்ன, கதவு ஜன்னல் மூல வடிவத்தில் இருக்கிறதா, மாற்றப்பட்டதா. கடைசியில் குறிப்பு என்று நாலு கோடு. படிவத்தைப் பார்த்துத்தான் பாதுகாப்புப் பட்டியல் போடுவார்கள். மூன்று பேர் இருந்தோம், தமிழ் நான் ஒருத்தி. கிளிப் போட்ட பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும்போது, டவுனே என் கையெழுத்தில்தான் நிற்கிறது என்று ஒரு நினைப்பு. தோட்டத்துப் பெண்ணுக்கு அந்த வயதில் தலைக்கனம் வர அவ்வளவு போதும்.

அந்தப் பட்டியல் என்றால் கட்டடச் சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதுதான் பெரிய துணை. பட்டியலில் ஏறியதை இடிக்க முடியாது. இடிக்க முடியாத கட்டடத்தை வாங்க ஆள் வராது. வாங்க ஆள் இல்லையென்றால் குடியிருப்பவரை யாரும் கிளப்ப மாட்டார்கள். ஸ்டெல்லா டீச்சருக்கு இது நன்றாகத் தெரியும். கொழும்புக்காரர் விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும்.

அந்த வருடம் டீச்சரின் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. மரம் உளுத்துவிட்டது. மரத்தை மாற்றி அதே ஓட்டைத் திரும்பப் போட அவர் மாநகர சபைக்கு அனுமதி கேட்டுப் போனார். சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சொந்தக்காரர் போடவில்லை. கூரை விழுந்தால் அவருக்கு லாபம், ஏன் போடப் போகிறார்? மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் ஆள் வைத்து ஓடுகளைப் பக்குவமாக இறக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் சுண்ணாம்புக்கட்டியால் இலக்கம் போட்டுப் பின்முற்றத்தில் அடுக்கிப் பொலித்தீனால் மூடினார். மெஷின்கள் நனையாமல் இருக்க, மழை முடியும் மட்டும் என்று மேலே தகரம் போட்டார். சரியாக அந்தக் கிழமைதான் நான் படிவத்தோடு அந்தத் தெருவுக்குப் போனேன்.

அதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறொரு தெருவில் ஒரு தமிழ் நகைக்கடையின் கதவுச் செதுக்கலைப் பற்றிக் குறிப்பில் நாலு கோடும் நிறைய எழுதியிருந்தேன். கூட வேலை செய்த நிமால் தேநீர் நேரத்தில் அதை எடுத்து வாசித்து, உங்கள் ஆட்கள் வீடு என்றால் பேனாவில் மை கூடுதலாகச் சுரக்கிறது என்று பகிடி பண்ணினான். கெட்டவன் இல்லை, பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து தமிழ்ப் பெயர் உள்ள வீடு வந்தால் என் பேனா கஞ்சத்தனம் பண்ணும். ஒரு சொல் கூடிவிடக் கூடாது. யாரும் விரல் நீட்டிவிடக் கூடாது. நம்மவர்களுக்கு இந்தப் பயம் புதிதா என்ன?

டீச்சருக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நம்ம பிள்ளையே வந்திருக்கு என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கு அதுவே முள்ளாகக் குத்தியது. பின்முற்றத்துக்குக் கூட்டிப்போய்ப் பொலித்தீனைத் தூக்கிக் காட்டினார்.

"ஓடு ஒண்ணும் ஒடையல. இதையும் எழுதிக்கம்மா."

நான் தலையாட்டினேன். வெளியே வந்து எழுதினேன். கூரை: தகரம். மாற்றப்பட்டது. குறிப்பு: ஒன்றுமில்லை.

பக்கத்துப் புடவைக்கடைக்காரர் எங்கள் வருகையை மோப்பம் பிடித்து, சீமெந்தில் வளைவு வைத்துச் சாயம் பூசி, போன மாதத்துச் சுவரை நூறு வயசாக்கி வைத்திருந்தார். அதற்கு நான் மூல வடிவம் என்று எழுதினேன். எனக்கென்ன தெரியும், அழகாக இருந்தது. பின்னேரம் எங்கள் மேலதிகாரி பண்டார மாத்தயா டீச்சர் வீட்டுப் படிவத்தில் கொஞ்சம் தயங்கி, பழைய ஓடு எங்காவது வைத்திருக்கிறார்களா, குறிப்பில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். நல்ல மனிதர். ஒரு வரி எழுத அவரே இடம் தந்தார். ஒன்றுமில்லை சேர் என்றேன். அவர் கையெழுத்து வைத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அங்கே பூசாரி நான்.

பட்டியல் வந்தது. புடவைக்கடை இருந்தது. டீச்சர் வீடு இல்லை. அப்போதுதான் பண்டார மாத்தயாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர், மேன்முறையீடு செய்யலாம், அதற்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார். ஒழுகும் கூரைக்குக் கேட்ட அதே கையெழுத்து.

அடுத்த வருடம் வீட்டை இடித்தார்கள். இலக்கம் போட்ட ஓடுகளைக் கொழும்புக்காரர் லொறியில் ஏற்றி அனுப்பினார். மலைப்பக்கம் விடுதி கட்டுகிறவர்களுக்குப் பழைய ஓடு என்றால் உயிர். இடித்த இடம் வருடக்கணக்காகப் புல் முளைத்துக் கிடந்தது. டீச்சர் இரண்டே இரண்டு மெஷினோடு குண்டசாலையில் ஒரு பின்னறைக்குப் போனார். அங்கே யாரும் படிக்க வரவில்லை. நான் போய்ப் பார்க்க ஏழு மாதம் எடுத்தது. தைரியம் அவ்வளவு.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். டீச்சர் கந்தோரில் கேட்டு அந்தப் படிவத்தின் பிரதியை வாங்கி வைத்திருந்தார். எடுத்து மடியில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பாடத்தைத் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே வாசித்தார்.

"தப்பே இல்லாமத்தான் எழுதியிருக்க. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது."



டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்த தையல்காரர், பஞ்சாங்கம் விற்றவர், பாண் பேக்கரிக் குடும்பம், ஒருவர்கூட இப்போது இல்லை. கட்டடங்களில் சில பட்டியலில் ஏறிப் பிழைத்துக்கொண்டன. உள்ளே இருந்த ஆட்களுக்கென்று யாரும் பட்டியல் போடவில்லை. போட்டிருந்தாலும், படிவம் நிரப்ப என்னைத்தான் அனுப்பியிருப்பார்கள்.